செக்கு இருக்கு, கப்பல் எங்கே?

எங்க பொதட்டூர்பேட்டையில கடல் கிடையாது. எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் கேட்கிற விசைத்தறிச் சத்தம்தான் எங்களுக்கு அலைச் சத்தம். ஓடம்னு சொன்னாலும் முதல்ல ஞாபகம் வர்றது தறியில இப்படியும் அப்படியும் ஓடுற நாடாதான். இந்த ஊர்க்காரனுக்குக் கப்பலைப் பத்தி என்ன பேச்சுன்னு கேட்பீங்க. கேளுங்க, ஆனா முழுசாப் படிச்சிட்டுக் கேளுங்க :-)

பழைய கப்பல் ஒண்ணை உடைக்கப் போறாங்கன்னு செய்தி வந்தா போதும், நாம எல்லாரும் பொங்கிடுவோம். "வரலாற்றை அழிக்கிறார்கள்", "வெள்ளைக்காரனா இருந்தா இப்படி விடுவானா"... நானும் இந்த ரகம்தான். 2014ல விக்ராந்தை உடைக்க ஆரம்பிச்சப்போ ஒரு வாரம் பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் புலம்பினேன். இப்போ நினைச்சா வெட்கமா இருக்கு. விக்ராந்தைக் கொன்னது உடைக்க வந்தவங்க இல்லை. முடிவெடுக்காம இழுத்தடிச்ச வருஷங்கள்தான்.

கணக்கைப் பாருங்க. 1961 மார்ச்ல கடற்படையில சேர்ந்த நம்ம முதல் விமானந்தாங்கிக் கப்பல். 1971 போர்ல கொதிகலன் பழுதோடயே போச்சு. அதுலேர்ந்து கிளம்பின விமானங்கள்தான் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின. 1997 ஜனவரியில ஓய்வு. 2001ல மும்பையில அருங்காட்சியகமாத் திறந்தாங்க. நிரந்தரமா எடுத்து நடத்த ஆள் தேடினாங்க, கிடைக்கலை. 2012ல பாதுகாப்பு இல்லைன்னு மூடினாங்க. 2014 ஜனவரியில 60 கோடி ரூபாய்க்கு ஏலம். ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் கடைசி வழக்கையும் தள்ளுபடி செஞ்சுது. நவம்பர்ல உடைக்க ஆரம்பிச்சாங்க. அந்த இரும்புல கொஞ்சம் 2016ல பைக்கா வந்து ரோட்டுல ஓடிச்சு.

ஓய்வுக்கும் உடைப்புக்கும் நடுவுல 17 வருஷம். "வருஷாவருஷம் யார் செலவு பண்ணுவாங்க?" என்ற ஒரு கேள்விக்கு அத்தனை வருஷமும் பதில் வரலை. நாம அழுததோ கடைசி வருஷத்துல. நோயாளி படுக்கையில கிடந்தப்போ எட்டிக்கூடப் பார்க்காத சொந்தக்காரன், சாவு வீட்டுல வந்து மார்ல அடிச்சுக்கிற கதைதான்.

"நம்ம நாட்டுல பணம் இல்லை சார்" என்று ஆரம்பிக்காதீங்க. பக்கத்து மாநிலத்துக்குப் போவோம். குர்சுரா நீர்மூழ்கி, சோவியத் ஃபாக்ஸ்ட்ராட் வகை, 91 மீட்டர் நீளம். 2001 பிப்ரவரியில ஓய்வு, 2002 ஆகஸ்ட்ல விசாகப்பட்டினம் கடற்கரை மணல்மேட்டுல அருங்காட்சியகம். ஒன்றரை வருஷம்! கடற்படையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்களே உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டுறாங்க. அதே ஃபாக்ஸ்ட்ராட் குடும்பத்துலதான் வாக்லின்னு இன்னொண்ணு. 2010 டிசம்பர்ல ஓய்வு பெற்றுது. மாமல்லபுரத்துல வைக்கப்போறோம்னு சொல்லி, சென்னைத் துறைமுகத்துக்கு இழுத்துட்டு வந்தாங்க. அங்கேயே வருஷக்கணக்கா கிடந்துச்சு. மாமல்லபுரத்துல அருங்காட்சியகம் வரவே இல்லை. ரெண்டும் ஏறக்குறைய ஒரே வயசு, ஒரே ஜாதி இரும்பு. ஒண்ணுக்கு வேலையை முடிக்க ஆள் இருந்தாங்க, இன்னொண்ணுக்கு அறிவிப்பு மட்டும்தான் இருந்துச்சு.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். எல்லாக் கப்பலையும் காப்பாத்தணும்னு கத்துறதை நிறுத்துவோம். ஓய்வு பெற்ற அன்னைக்கே மூணு கேள்வி கேட்போம்.

முதல் கேள்வி, இது போனா இது மாதிரி வேற இருக்கா? ஸ்வீடன்ல வாசான்னு ஒரு மரக்கப்பல். 1628ல முதல் பயணத்துலயே மூழ்கி, 1961ல வெளிய எடுத்தாங்க. மரம் காய்ஞ்சு வெடிக்காம இருக்க 17 வருஷம் ரசாயனக் கரைசல் தெளிச்சாங்க. அந்தக் காலத்துக் கப்பல் அவ்வளவு முழுசா வேற கிடைக்காது, அதனால அந்தப் பாடு தகும். பழசா இருக்குன்ற ஒரே காரணத்துக்காக எல்லாத்துக்கும் அந்தப் பாடு படமுடியாது.

ரெண்டாவது, எங்கே வைக்கப் போறோம்? இரும்பை உப்புத்தண்ணியில விட்டா துரு தின்னும், மரத்தை விட்டா கப்பல் புழு துளைக்கும். சில வருஷத்துக்கு ஒரு தடவை உலர்துறையில ஏத்தி அடிப்பாகத்தைப் பார்த்தே ஆகணும். கரையில ஏத்தி வச்சாலும் உப்புக்காத்து சும்மா விடாது, பெயிண்ட் வேலை ஓயாது.

மூணாவது, இருபது வருஷம் கழிச்சும் செலவு பண்ணப் போறது யாரு? "அரசாங்கம்"னு பொத்தாம்பொதுவாச் சொல்லக்கூடாது. எந்தத் துறை, எந்த நிதி, எழுத்துல வேணும்.

மூணுல ஒண்ணுக்குப் பதில் இல்லைன்னாலும் உடைச்சிடலாம். ஆமா, நான்தான் சொல்றேன். ஆனா உடைக்கிறதுக்கு முன்னாடி அளந்து, வரைஞ்சு, படம் எடுத்து, அதுல வேலை செஞ்சவங்க வாய்வார்த்தையைப் பதிவு பண்ணி, முக்கியமான பாகத்தை எடுத்து வச்சிட்டு உடைங்க.

"அசல் கப்பல்ல ஏறி நிக்கிற சிலிர்ப்பு படத்துல வருமா?" வராதுதான், ஒத்துக்கறேன். அதுக்காகத்தான் கேள்வியை முதல் நாளே கேட்கச் சொல்றேன். ஓட்டை விழுந்த அப்புறம் கேட்டா அந்தச் சிலிர்ப்புக்கு வழியே இல்லை.

வ.உ.சி.யோட காலியா, லாவோ கப்பல்களை நாம யாரும் பார்த்ததில்லை. 1906ல கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிரா தூத்துக்குடியிலேர்ந்து கொழும்புக்கு ஓட்டினாரு. 1908ல அவரை உள்ள தள்ளினாங்க, கம்பெனி நொடிச்சுது, கப்பல்களும் கைமாறிப் போச்சு. ஜெயில்ல அவர் இழுத்த செக்கு மட்டும் கோவைச் சிறையில நினைவுச் சின்னமா இருக்கு. ஒரு பலகைகூட இல்லாமலே அந்தக் கப்பல் நமக்கு உயிரோட இருக்கு. ஏன்னா எழுதி வச்சாங்க, சொல்லி வச்சாங்க. 2025ல நம்ம கடற்படை சேர்த்துக்கிட்ட கௌண்டின்யா பாய்மரக் கப்பலுக்கு ஆதாரமே அஜந்தா ஓவியம்தான். பலகையைக் கயித்தால தைக்கிற வித்தை தெரிஞ்ச கைகள் கேரளாவுல மிச்சம் இருந்ததால அதைக் கட்ட முடிஞ்சுது.

இதெல்லாம் எனக்கு எப்போ உறைச்சதுன்னா, எங்க வீட்டுத் தறியில. தாத்தா செத்தப்போ அவரோட கைத்தறியை சித்தப்பா கேட்டாரு. "மரம் நல்லா இருக்குடா, குடு, நான் நெய்யறேன்"னாரு. நான்தான் தாத்தா ஞாபகம்னு சொல்லித் தரமாட்டேன்னேன். பின்கட்டுல சாய்ப்புக்குக் கீழ வச்சேன். சீக்கிரம் பழுது பார்த்து மாட்டிடுவேன்னு ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிட்டே இருந்தேன். ஆறாவது பொங்கலுக்கு இழுத்துப் பார்த்தா, கையில வந்தது கரையான் மண்ணு. சித்தப்பா பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "இதுக்குத்தானாடா வச்சிருந்தே?"

அதை எப்படிப் பூட்டுறதுன்னு தாத்தா இருந்தப்போ ஒரு வரிகூட எழுதி வாங்கலை. மிஞ்சினது நாடா ஒண்ணுதான். மேசை மேல இருக்கு.

அடுத்த தடவை ஒரு கப்பலுக்காகப் பொங்குறதுக்கு முன்னாடி, அது ஓய்வு பெற்ற தேதியைப் பாருங்க. அன்னைக்கு நாம என்ன கேட்டோம்னும் யோசிங்க. திட்டணும்னு தோணினா பின்னூட்டம் திறந்தே இருக்கு.