சிறுவர்க்கும் ஒரு பாத்தி

காலபோக நெல் அறுவடையாகி வீடு வந்து சேர்ந்தபின் சித்திரை பிறக்கின்றது. பங்குனி, சித்திரை மாதங்களிற் பிற்பகல் வேளையில் இடியுடன் பெய்யும் மழை, நிலத்தை நனைத்துச் சிறுபோகத்துக்கு வழிசெய்கின்றது. புத்தாண்டையொட்டிப் பாடசாலைகளுக்கும் விடுமுறை கிடைக்கின்றது. நிலம் ஈரமாயும் பிள்ளைகள் வீட்டிலும் இருக்கும் இந்நாள்களே, வளவில் ஒரு மரக்கறிப் பாத்தியை அமைத்து அதனைச் சிறுவரிடம் ஒப்படைப்பதற்கு ஏற்ற காலமாகும்.

வீட்டுத்தோட்டத்தின் தேவை

வயலும் தோட்டமும் உடையவர்க்கு வீட்டுத்தோட்டம் எதற்கு என வினவுவோர் உளர். விற்பனைக்கெனச் செய்யப்படும் தோட்டத்தில் ஒன்றிரண்டு பயிர்களே நிற்கும். கத்தரியையும் மிளகாயையும் மூடை மூடையாகத் தம்புள்ளைக்கு அனுப்பும் குடும்பத்திலும், பிள்ளையின் கோப்பையிற் கீரை விழாத நாள்கள் பல உண்டு. நெல் மாத்திரம் விளைவிப்போர் மரக்கறிக்குக் கடையையே நம்பியிருக்கின்றனர். அந்நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதை 2022 ஆம் ஆண்டு காட்டிற்று. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, அவ்வாண்டு செத்தெம்பரில் உணவு விலைகள் முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் பார்க்க நூற்றுக்கு ஏறத்தாழ 95 வீதம் ஏறியிருந்தன. வீட்டிற் பயிரிடுதற்கென அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கவும் அவ்வாண்டு யூனில் அமைச்சரவை அங்கீகாரம் வழங்கிற்று. நெருக்கடி வந்தபின் மண்வெட்டியைத் தேடுவதிலும், சிறுவயதிலேயே அதன் பழக்கத்தை ஊட்டுவது சாலச் சிறந்தது.

ஏவுதலும் ஒப்படைத்தலும்

பிள்ளைகளைத் தோட்ட வேலைக்கு ஏவுவது புதிதன்று. தண்ணீர் மாறவும் களை பிடுங்கவும் அவர்கள் அழைக்கப்படுகின்றனர். ஆயின், விதைப்பதும் அறுப்பதும் விற்பதும் பெரியோரின் தீர்மானமாகவே இருப்பதால், பிள்ளைக்கு வேலையின் களைப்பு மிஞ்சுகின்றதேயன்றி விளைவின் மகிழ்ச்சி கிட்டுவதில்லை. கமத்தொழிலைப் பிள்ளைகள் வெறுக்கின்றனர் எனக் குறைகூறும் பெற்றோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். பாத்தி சிறிதாயினும் அது பிள்ளையினுடையதாய் இருக்கட்டும். எதை விதைப்பது என்பதை அப்பிள்ளையே தெரிவுசெய்யட்டும். ஒரு நாள் நீர் ஊற்ற மறந்தாற் செடி வாடும். மறுநாள் ஊற்றினால் நிமிரும். அதனை எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்காது. படிப்புக்குக் கேடு வரும் என்று அஞ்சவேண்டியதுமில்லை. நாளொன்றுக்குக் கால் மணி நேரமே போதும்.

பாத்தியும் பயிரும்

பாத்தியின் அகலம் 3 அடிக்கு மேற்படாதிருந்தால், உள்ளே மிதியாமல் இரு பக்கமும் நின்று சிறு கைகள் எட்டும். மண்ணைக் கொத்திப் புரட்டுவது பெரியோர் வேலை. நன்கு உக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ இடுதல் வேண்டும், புதுச்சாணம் ஆகாது.

சிறுவருக்குப் பொறுமை குறைவு. ஆதலால் விரைவிற் பலன்தரும் பயிர்களே முதலில் தக்கவை. கீரைவிதை மிக நுண்ணியதாகையால் மணலுடன் கலந்து தூவுதல் நன்று; மூன்று நான்கு வாரங்களிற் பிடுங்கலாம். வெண்டிவிதை பெரிதாதலாற் சின்னஞ்சிறு விரலுக்கும் அடங்கும். ஓரிரவு நீரில் ஊறவைத்து நட்டால் ஒரு வாரத்துள் முளைக்கும், ஏறத்தாழ 50 நாள்களிற் காய் முற்றுமுன் பறிக்கலாம். பயற்றைக்குத் தடி நாட்டிவிட்டால், கொடி சுற்றி ஏறுவதைப் பிள்ளை நாடோறும் பார்க்கும். வேலியோரத்தில் ஒரு முருங்கைத் தடியும் ஊன்றலாம். கீரையும் முருங்கையிலையும் கண்ணுக்கு நன்மைதரும் விற்றமின் ஏ ஆகும் சத்தை மிகுதியாய் உடையவை. வற்புறுத்தி ஊட்டும் கீரையை ஒதுக்கும் பிள்ளையும், தான் விதைத்த கீரையைச் சுவைத்துப் பார்க்க முன்வருவதுண்டு.

கவனிக்க வேண்டியவை

இப்பாத்திக்குப் பீடைநாசினி எதுவும் தெளித்தலாகாது. இலையிற் காணும் புழுக்களைக் கையாற் பொறுக்கி அழிக்கலாம். நாசினி இருந்த போத்தலை எவ்வளவு கழுவினாலும் பிள்ளையின் கையில் நீர் ஊற்றக் கொடுத்தல் கூடாது. நாசினிகளும் தெளிகருவியும் பூட்டிய இடத்தில் இருத்தல் வேண்டும். கட்டில்லாத கிணற்றருகே பிள்ளைகளை விடாது, பெரியோரே நீரை வாளியில் அள்ளிப் பாத்தியருகே வைத்தல் வேண்டும். நீர் ஊற்றச் சிரட்டையே போதுமான கருவி. வேலை முடிந்ததும் வாளியையும் சிரட்டையையும் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தையும் அப்போதே ஊட்டுதல் நன்று. தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

பலனின் உரிமை

முதற் பிடி கீரையைப் பிள்ளையே பிடுங்கித் தாயாரிடம் கொடுக்கட்டும். அன்றே அது சமைக்கப்படட்டும். மிஞ்சிய வெண்டிக்காய் விலைபோயின், அப்பணம் பிள்ளையின் உண்டியலுக்கே உரியது. தந்தையின் பணப்பைக்குள் அது போகுமாயின், அடுத்த சித்திரையில் அப்பாத்தி களைமூடிக் கிடக்கும்.