கோடி ரூபாய் வீட்டு சைட்டில் சித்தாளுக்குக் கக்கூஸ் எங்கே?

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில், திருமங்கலம் தாண்டி டி. கல்லுப்பட்டி பக்கம் பங்களாக்கள் முளைக்கின்றன. வெளிநாட்டில் சம்பாதித்தவர்கள், சென்னையில் சம்பாதித்தவர்கள், ஊரில் ஒரு வீடு இருக்கட்டுமே என்று கோடியைக் கொட்டுகிறார்கள். கொட்டட்டும், அவர்கள் காசு. ஆனால் அந்த சைட்டுகளை நடத்துகிற லட்சணம் இருக்கிறதே...

எஸ்டிமேட்டைப் பாருங்கள். இத்தாலி மார்பிள், தேக்கு நிலை, நாலு பெட்ரூமுக்கு நாலு அட்டாச்டு பாத்ரூம். கம்பிக்குக் கணக்கு, எம்-சாண்டுக்குக் கணக்கு, ஆணிக்குக்கூடக் கணக்கு. வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கக்கூஸ்? அந்த வரியே கிடையாது. ஆம்பளைகள் கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். சித்தாள் பெண்கள் தண்ணீரே குடிக்காமல், அடக்கிக்கொண்டு சாயங்காலம் வரை கலவைச் சட்டி சுமக்கிறார்கள். அதுவும் சித்திரை வெயிலில்! தளத்துக்கு மட்டும் 7 நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும் என்று எஞ்சினியர் தினமும் போன் போட்டு விசாரிப்பார்.

மேஸ்திரியைக் கேட்டால் ஓனர் காசு ஒதுக்கவில்லை என்பார். ஓனரைக் கேட்டால் கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்பார். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டு வேட்டி, சேலை கொடுப்பதில் குறை வைப்பதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சொந்த வீட்டுக்கெல்லாம் சட்டம் எதற்கு என்கிறார்களா? 1996-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம் சொந்த வீட்டுக்கு விலக்கு தந்தது 10 லட்சம் ரூபாய் வரைதான். குடிதண்ணீரும் கழிப்பறையும் தர வேண்டும் என்று அதிலேயே இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்தபோது அந்த வரம்பு 50 லட்சம் ஆனது. கோடி ரூபாய் வீடு அதற்கும் மேலேதானே? பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் காட்டித் தப்பிப்பது வேறு கதை.

இதெல்லாம் நடப்பது எந்த ஊரில்? ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வந்து தங்கிய ஊரில்! லண்டனில் ஆடிட்டருக்குப் படித்து, பம்பாயில் தொழில் நடத்தி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு காந்தியோடு சேர்ந்தவர். 1940-ல் தொடங்கிய இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு 1950-களில் வந்து சேர்ந்தார். ஒரு பொருளின் விலையை மட்டும் பார்க்காதே, அதற்குப் பின்னால் யாருடைய கஷ்டம் இருக்கிறது என்றும் பார் என்று வாதாடிய கணக்கர் அவர். பி.காம் மக்கள் இதில் காஸ்ட்டிங் பேப்பருக்கு ஒரு கேள்வியே தயாரிக்கலாம். அடக்கி அடக்கி வருகிற நீர்க்கடுப்புக்கு அந்தப் பெண் கொடுக்கிற டாக்டர் பீஸ் எந்தத் தலைப்பில் வரும்? வீட்டின் அடக்கவிலையில் வராது. அவள் கூலியில் கழியும்.

செலவு அதிகம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். போர் எப்படியும் முதலில் போடுகிறார்கள். செப்டிக் டேங்கும் எப்படியும் கட்டத்தான் வேண்டும், கடைசியில் கட்டுவதை அஸ்திவாரத்தோடு சேர்த்துக் கட்டட்டும். பக்கத்தில் ஒரு பேசின் வைத்து, சுற்றிலும் நாலு தகரம் நிறுத்தினால் ஆயிற்று. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட மட்டும் மறக்க வேண்டாம்.