பறிமுதல் செய்த இ-பைக்குகள் எங்கே போகின்றன?

பிரிட்டனில் மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டைத் தாண்டினாலோ, மணிக்கு 15.5 மைலுக்கு மேலும் மோட்டார் உந்தினாலோ அந்த இ-பைக் சட்டப்படி மோட்டார் வாகனம். உரிமமும் காப்பீடும் இல்லாமல் ஓட்டினால் போலீசார் பறிமுதல் செய்யலாம். செய்தும் வருகிறார்கள், பிடித்த வண்டிகளை நிறுத்திப் படமும் வெளியிடுகிறார்கள். பிறகு அவை என்ன ஆயின என்று அறிய, 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் மனுப் போட வேண்டியிருக்கிறது.

இது தெரிய வேண்டியதற்குக் காரணம் உண்டு: இந்த வண்டிகளில் உள்ள லித்தியம் பேட்டரி சேதமடைந்திருந்தால் யாரும் தொடாமலே தீப்பற்றலாம். அணைத்த பின்னும் மறுபடி பற்றலாம். பேட்டரிகளைக் கழற்றித் தனியே வைக்கிறார்களா? வண்டிகளை வைக்கும் கிடங்குக்குப் பக்கத்தில் வீடுகள் உண்டா? வண்டிகள் நசுக்கப்படுகின்றனவா, ஏலத்துக்குப் போகின்றனவா? ஏலம் என்றால் அதே ஆபத்து மீண்டும் தெருவுக்கு வரும். அக்கம்பக்கத்தாருக்கு இவை தெரிந்தாக வேண்டும். வண்டியை இழந்தவர்களில் உணவு விநியோகத் தொழிலாளர்களும் உண்டு; தங்கள் பிழைப்புக் கருவி என்னவானது என்று கேட்க அவர்களுக்கும் உரிமை இருக்கிறது.

மனுவுக்குப் பதில் தரச் சட்டம் தரும் கெடு 20 வேலைநாட்கள். ஆனால் தேடுவதற்கு 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என மதிப்பிட்டால் போலீசார் மறுக்கலாம். இ-பைக்கைத் தனி வகையாகப் பதியாமல் மற்ற வாகனங்களோடு சேர்த்து எழுதினால், கோப்பு கோப்பாகப் புரட்ட வேண்டிவரும். மறுப்புக்கு வழி தானே பிறக்கும். ஒழுங்காகப் பதியாதது காவல்துறையின் குறை. அதன் பலனை மனுதாரர் சுமப்பது அநியாயம். பறிமுதல் எண்ணிக்கையை வெளியிடும்போதே, எங்கே வைத்தோம், எத்தனை திருப்பித் தந்தோம், எத்தனை அழித்தோம் என்பதையும் ஒவ்வொரு காவல் படையும் மனுவுக்குக் காத்திராமல் வெளியிட வேண்டும்.