சிரித்தால் போச்சு

‘பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு’ என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். ஆண் சிரித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழமொழி இல்லை. நான் சொல்கிறேன்: ஆண் சிரித்தால் அது தொழிலாகும். பிறகு படமாகும். கடைசியில் பண்பாடாகிவிடும்.

ஹிப்ஹாப் தமிழாவை எடுத்துக்கொள்வோம். ஆதி, ஜீவா என்ற இரண்டு இளைஞர்கள், சினிமா வாய்ப்புக்குக் காத்திராமல் இணையம் வழியே தமிழில் ராப் பாடிப் பெயர் வாங்கினார்கள். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அவர்களை ஊரறியச் செய்த பாட்டு எது? ‘கிளப்புல மப்புல’. குடிக்கிற பெண்ணையும் அவள் உடையையும் கிண்டலடித்து, தமிழ்ப் பண்பாடு போச்சே என்று புலம்பிய பாட்டு. 2003 முதல் அரசே சில்லறையில் மது விற்கும் மாநிலம் இது. டாஸ்மாக் வாசலில் வரிசை கட்டி நிற்கும் ஆண்களால் போகாத பண்பாடு, ஒரு பெண்ணின் கையிலிருந்த கோப்பையால் போய்விட்டதாம்!

அந்தப் புகழ் வீணாகவில்லை. 2012-ல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ தொகுப்பு. 2015-ல் ‘ஆம்பள’ படத்துக்கு இசை. 2017-ல் ஆதியே இயக்கி நடித்த ‘மீசைய முறுக்கு’. தலைப்புகளே பேசுகின்றன. 2020-ல் ‘நான் சிரித்தால்’: துன்பம் வந்தால் அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறவனின் கதை. ஆணின் சிரிப்பு நோயானாலும் அவன் கதாநாயகன்தான்.

2021-ல் ‘சிவகுமாரின் சபதம்’ எங்கள் காஞ்சிபுரத்துக்கே வந்தது. பட்டு நெசவுக் குடும்பம், தாத்தா, பேரன். செவிலிமேட்டில் இருந்துகொண்டு கேட்கிறேன்: தார் சுற்றுகிறவள் யார்? அறுந்த இழையை முடிகிறவள் யார்? கோர்வைப் புடவைக்குத் தறியோரம் உட்கார்ந்து நாடா தள்ளுகிறவள் யார்? கூலி மட்டும் பெரும்பாலும் ஆண் பெயரில் வருகிறது. சபதமும் அவன் பெயரில்தான்.

வகுப்பில் இதைப் பேசினால், “சும்மா ஜாலிக்குத்தானே மேடம்” என்கிறார்கள் மாணவர்கள். சரி, அந்த ஜாலி எல்லோருக்கும் பொதுவா?

இசைவாணியைப் பாருங்கள். 2018-ல் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் அன்று இருந்த ஒரே பெண். ஆண்களின் சொத்தாகக் கருதப்பட்ட கானாவைப் பாடி, 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். சபரிமலைக்குப் பெண் ஏன் வரக்கூடாது என்று ஐயப்பனிடமே விளையாட்டாகக் கேட்கும் பாட்டையும் பாடினார். சில ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அதற்காகக் காவல்துறையில் புகார்கள், ஆபாச வசைகள், மிரட்டல்கள். அப்போது யாரும் ‘சும்மா ஜாலிக்குத்தானே’ என்று சொல்லவில்லை.

கீழே பார்த்துச் சிரிக்கிற ஆணுக்கு அது இளமைக் குறும்பு, வயதானால் மறந்துவிடலாம். மேலே பார்த்துச் சிரிக்கிற பெண்ணுக்கு அது குற்றம். ஆறு வருடமானாலும் தோண்டியெடுக்கலாம். நகைச்சுவையின் இலக்கணம் என்று இதைத்தான் நம் பிள்ளைகள் கற்கிறார்கள்.

நான் எந்தப் பாட்டுக்கும் தடை கேட்கவில்லை. தடை வந்தால் முதலில் அடிபடுவது இசைவாணிகள்தான். நான் கேட்பது மேடை. கல்லூரி விழாக்களில் ஆசிரியர்களைப் போலப் பேசிக்காட்டிக் கைதட்டு வாங்குவது மாணவர்கள். மாணவிகளுக்குக் குத்துவிளக்கும் வரவேற்பு நடனமும். இந்த வருடம் மாற்றிப் பாருங்கள். ஒலிவாங்கியை அவர்கள் கையில் கொடுங்கள். நம்மைப் பார்த்து அவர்கள் சிரிக்கட்டும். நமக்குத் தாங்குகிறதா என்று அப்போது தெரியும்.