பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் 'அப்நார்மல்' என்று வந்தால் கேன்சரா? பயத்தைவிடப் பெரிய ஆபத்து எது?

இரவு 9 மணி. வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் 34 வயதுப் பெண்ணின் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழுகிறது. போன வாரம் எடுத்த பாப் ஸ்மியர் ரிப்போர்ட். புரியாத நாலைந்து ஆங்கில எழுத்துகள், பக்கத்திலேயே 'அப்நார்மல்'. டாக்டரை நாளைக்குத்தான் பார்க்க முடியும். அதுவரை பதில் சொல்ல கூகுள் மட்டும்தான். பத்தே நிமிடத்தில் 'எனக்கு கேன்சர்' என்ற முடிவுக்கே வந்துவிடுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் டெஸ்ட் எடுக்கும் எந்தப் பெண்ணுக்கும் நடக்கக்கூடியது. இதில் தேவையில்லாத பயம் ஒரு பிரச்சினை. அந்தப் பயத்திலேயே ரிப்போர்ட்டை யாரிடமும் காட்டாமல் விட்டுவிடுவது அதைவிடப் பெரிய பிரச்சினை.

அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

கருப்பை வாயிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் பாப் ஸ்மியர். இது நோயை உறுதி செய்யும் டெஸ்ட் இல்லை. யாரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டும் டெஸ்ட்.

'ஆஸ்கஸ்' என்றால் செல்கள் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கின்றன, காரணம் தெளிவாக இல்லை என்று பொருள். சாதாரண கிருமித்தொற்றோ, மாதவிடாய் நின்ற பிறகு வரும் ஹார்மோன் மாற்றமோகூட காரணமாக இருக்கலாம்.

'எல்-சில்' என்பது லேசான மாற்றம். பெரும்பாலும் ஹெச்பிவி வைரஸ் தொற்றின் அடையாளம். பலருக்குத் தானாகவே சரியாகிவிடும்.

'ஹெச்-சில்' தீவிரமான மாற்றம். இதற்கும் கேன்சர் என்று அர்த்தமில்லை. ஆனால் அப்படியே விட்டால் சிலருக்குக் கேன்சராக மாறலாம் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. 'கிளாண்டுலார்' என்ற வார்த்தை இருந்தாலும் அப்படித்தான்.

'அன்சாட்டிஸ்ஃபேக்டரி' என்று இருந்தால் சாம்பிள் சரியாக வரவில்லை, திரும்ப எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து என்ன?

ரிப்போர்ட்டையும் வயதையும் பொறுத்து ஹெச்பிவி டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், அல்லது சில மாதங்கள் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள், அல்லது கால்போஸ்கோபி செய்வார்கள். கால்போஸ்கோபி ஆபரேஷன் இல்லை. கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி வழியாகப் பார்ப்பது. சில நிமிட வேலை. சந்தேகமான இடத்தில் சின்னதாகச் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். மாற்றம் தீவிரம் என்று உறுதியானால், அந்தப் பகுதியை மட்டும் நீக்கும் சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

ஹெச்பிவி தொற்று பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்பு சக்தியாலேயே போய்விடும். தங்கிவிட்டாலும், அது கேன்சராக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகள். இந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் டெஸ்ட்டே எடுக்கிறோம்.

"யார்கிட்ட இருந்து வந்துச்சு?"

ஹெச்பிவி பாசிட்டிவ் என்றதும் பல வீடுகளில் முதலில் எழக்கூடிய கேள்வி இது. தாம்பத்திய உறவில் இருக்கும் பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் எப்போதாவது வந்துபோகும் வைரஸ் இது. பல ஆண்டுகளுக்கு முன் வந்த தொற்று இப்போது தெரியலாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த லேபும் சொல்ல முடியாது. அதை வைத்து மனைவியையோ கணவனையோ சந்தேகப்படுவதில் அர்த்தமே இல்லை. சந்தேகத்துக்குப் பயந்து ஒரு பெண் ரிப்போர்ட்டை மறைத்தால், இழப்பு அவருடைய உயிராகக்கூட இருக்கலாம்.

திண்டுக்கல் சொன்ன பாடம்

திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2007-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்க்கும் எளிய டெஸ்ட், ஒரே ஒரு முறை. மாற்றம் தெரிந்தவர்களுக்குத் தொடர் பரிசோதனையும் சிகிச்சையும். அந்தப் பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் மற்ற பகுதிகளைவிட 35 சதவீதம் குறைந்தன. டெஸ்ட்டோடு நிற்காமல் அடுத்த கட்டத்துக்கும் அழைத்துப் போனதால் கிடைத்த பலன் இது.

ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது இந்த ஸ்கிரீனிங் செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாடு முழுக்க 1.9 சதவீதம். தயக்கத்தைத் தாண்டி வரும் இந்தச் சிலரையும் ஒரு பிடிஎஃப்போடு தனியாக விட்டுவிடுவது நியாயமா?

ஆகவே லேப், ஆஸ்பத்திரி, கம்பெனிகளின் ஹெல்த் செக்கப் பேக்கேஜ் எதுவானாலும், அப்நார்மல் ரிப்போர்ட்டோடு தமிழில் ஒரு பக்க விளக்கம் வர வேண்டும். யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதும் அதில் இருக்க வேண்டும். வராதவர்களைத் திரும்பக் கூப்பிடுவதும் பரிசோதனையின் ஒரு பகுதிதான். முகாமில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதுவரை டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள்: என் ரிப்போர்ட் எந்த வகை? அடுத்த டெஸ்ட் என்ன? எத்தனை நாளுக்குள்? உறவுக்குப் பிறகு ரத்தப்போக்கு, மாதவிடாய்க்கு இடையே அல்லது மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு இருந்தால், ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

'இது கேன்சர் என்று அர்த்தமில்லை. ஆனால் இந்தத் தேதிக்குள் வந்து பாருங்கள்.' பிடிஎஃப்பில் இந்த இரண்டு வரி இருந்திருந்தால், பஸ்ஸில் வந்த அந்தப் பெண் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மறக்காமல் டாக்டரிடமும் போயிருப்பார்.