கடை நேரம் அறிந்த கம்ப்யூட்டர் வேண்டும்

வணிகப் பெருமக்கள் 2025ஆம் ஆண்டின் தீபாவளிச் சீசனை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். செப்டம்பர் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. 12 சதவீதத்தில் இருந்த சரக்குகளில் பெரும்பாலானவை 5 சதவீதத்துக்கு வந்தன. சோப்பு முதல் நெய் வரை, சரக்கு சரக்காகத் தேடி பில் போடும் கம்ப்யூட்டரில் வரியைத் திருத்தினோம். பழைய விலை அச்சிட்ட இருப்பை வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னோம். அக்டோபர் 20ஆம் தேதி தீபாவளி. அதற்குச் சரியாக ஆறு நாள் முன்னால், அக்டோபர் 14ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை நிறுத்திக்கொண்டது.

ஆதரவு நின்றது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று பொருளல்ல. பில் வரும், பிரிண்டர் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க இனி இலவசமாக யாரும் வரமாட்டார்கள். கடைக்குப் பூட்டு இருக்கிறது. பூட்டு பழுதானால் பார்க்க ஆள் இல்லை என்ற நிலைதான்.

இந்தச் சூழ்நிலையில், அடுத்து வரும் விண்டோஸ் எப்படி இருக்க வேண்டும் என்று பலரும் பேசுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு உதவியாளர், புதிய தோற்றம், விரைவான விளையாட்டுகள் என்று பட்டியல் நீளுகிறது. கேட்பவர்கள் கேட்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் மளிகைக் கடைக்காரரும் மொத்த வியாபாரியும் இந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவர்கள்தானே? நம் தேவை என்ன என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நம் தேவை ஒரே வரியில் அடங்கும்: கம்ப்யூட்டர் தராசைப் போல இருக்க வேண்டும்.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போடுகிறோம். எப்போது போட வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். முத்திரை போட்டு வந்த தராசில் பட்டன்கள் இடம் மாறியிருப்பதில்லை. வாடிக்கையாளர் ஐந்து கிலோ அரிசி கேட்டு நிற்கும்போது, 'பொறுங்கள், நான் என்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன்' என்று தராசு சொல்வதில்லை.

இதைச் சொல்வதால் அப்டேட்டே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற நச்சு நிரல் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள்கூட நிலைகுலைந்தன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14ஆம் தேதியே வந்துவிட்டது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். நல்லதும் அப்டேட் வழியாகத்தான் வரும். 2010 ஜூலையில் நம் ரூபாய்க்கு ₹ என்ற குறியீடு ஏற்கப்பட்டது. அது விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களுக்கு 2011இல் ஓர் அப்டேட்டாக வந்து சேர்ந்தது. யாரும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கவில்லை, யாருடைய வியாபாரமும் நிற்கவில்லை. நாம் கேட்பது அப்படிப்பட்ட அப்டேட்டைத்தான்.

நமது கோரிக்கைகள் ஐந்து.

முதலாவது, தேதி. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம் நாட்டு நேரப்படி அது செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி. புதன் காலை கடை திறக்கும்போது பல கம்ப்யூட்டர்களில் அது இறங்கத் தொடங்கியிருக்கும். இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். ஜி.எஸ்.டி.ஆர்-1 கடைசி நாள் எது? 11ஆம் தேதி. காலாண்டுக் கணக்குக் கொடுப்பவர்களுக்கு 13ஆம் தேதி. 2025ஆம் ஆண்டில் பிப்ரவரி, மார்ச், நவம்பர் ஆகிய மூன்று மாதங்களில் இரண்டாவது செவ்வாய் சரியாக 11ஆம் தேதியிலேயே வந்தது. ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன் மேல் போன் வரும் வாரத்தில்தான் கம்ப்யூட்டரும் 'ரீஸ்டார்ட் செய்யட்டுமா' என்று கேட்கிறது.

இன்று விண்டோஸில் 'ஆக்டிவ் அவர்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. ஒரு நாளில் 18 மணி நேரம் வரை ரீஸ்டார்ட் செய்யாதே என்று சொல்லி வைக்கலாம். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு அடைக்கும் கடைக்கு அது போதும். ஆனால் அது மணியை அறியும், தேதியை அறியாது. அப்டேட்டை 35 நாள் வரை நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு. அதை மாதந்தோறும் நாமே நினைவு வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. 'ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குப் பிறகு வரும் ஞாயிறு இரவு மட்டும் போடு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய இரண்டு வாரம் தொடாதே' என்று ஒரு முறை எழுதி வைத்தால் ஆண்டு முழுவதும் அதன்படி நடக்கும் நாட்காட்டி ஒன்றை அடுத்த விண்டோஸில் தர வேண்டும்.

இரண்டாவது, மருந்தையும் மிட்டாயையும் ஒரே பொட்டலத்தில் கட்டக் கூடாது. இப்போது மாத அப்டேட் என்பது ஒரே மூட்டை. பாதுகாப்புத் திருத்தமும் அதில்தான், மற்ற மாறுதல்களும் அதில்தான். பிரித்து வாங்க வழியில்லை. 2023இல் 'கோபைலட்' என்ற உதவியாளர் இப்படி அப்டேட் வழியாகத்தான் திரையின் அடிப் பட்டையில் வந்து உட்கார்ந்தது. கல்லாவில் இருக்கும் பையன் பத்து நாள் பழகிக் கற்றுக்கொண்ட திரை, ஒரு நாள் காலையில் வேறு மாதிரி இருந்தால் வரிசை நீளுகிறது. சாயங்காலக் கூட்டத்தில் ஒரு பில்லுக்கு அரை நிமிடம் கூடினாலும் அடுத்த வாடிக்கையாளர் பக்கத்துக் கடையைப் பார்ப்பார். ஆகவே பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தனியாக, தோற்றத்தைத் தொடாமல் வர வேண்டும். புதுமை வேண்டுவோர் கேட்டுப் பெறட்டும்.

மூன்றாவது, பிரிண்டர். 2021 மார்ச் மாத அப்டேட்டுக்குப் பிறகு, சில வகைப் பிரிண்டர்களுக்கு அச்சுக் கட்டளை கொடுத்தவுடன் கம்ப்யூட்டரே நீலத் திரையாகி நின்றது. ஒரு வாரத்துக்குள் அதற்கு மாற்று வந்தது. அதே ஆண்டு ஜூலையில், அச்சு வசதியில் இருந்த ஓர் அபாயகரமான ஓட்டையை அடைக்க வந்த அவசர அப்டேட், வேறு சில பிரிண்டர்களை நிறுத்திவிட்டது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் ரசீது பிரிண்டர்களும் லேபிள் பிரிண்டர்களும் என்று அந்த நிறுவனமே சொன்னது. அதாவது கடைகளில் இருப்பவை! அலுவலகத்தில் பிரிண்டர் நின்றால் நாளை அச்சிடலாம். கடையில் ரசீது பிரிண்டர் நின்றால் அந்த நிமிடமே கையால் எழுத வேண்டும். இருப்புக் கணக்கு அன்றே குழம்பும்.

ஆகவே அப்டேட் முடிந்ததும் இணைத்திருக்கும் பிரிண்டரில் ஒரு சோதனைச் சீட்டு அச்சாக வேண்டும். அச்சாகவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரே பொத்தான் போதும் என்று இருக்க வேண்டும். பெரிய பதிப்பு மாற்றத்திலிருந்து பின்வாங்க இன்று 10 நாள் அவகாசம் தருகிறார்கள். கட்டளை எழுதிக் கொடுத்தால் 60 நாள் வரை நீட்டலாம் என்பது எத்தனை கடைக்காரருக்குத் தெரியும்? மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் பல குறைகள் தெரிய வரும். கேளாமலே 45 நாளாவது கொடுக்க வேண்டும்.

நான்காவது, சாவி. 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு முதல், புதிதாக நிறுவும் பல கம்ப்யூட்டர்களில் வட்டு தானாகவே பூட்டப்படுகிறது. திருட்டுக்கு எதிராக அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் திறக்கும் மீட்புச் சாவி, நிறுவும்போது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ச் சேருகிறது. நம் கடைகளில் அந்தக் கணக்கை யார் தொடங்குகிறார்கள்? கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைக்கும் சர்வீஸ் பையன், தன் கைப்பேசி எண்ணையே கொடுத்துத் தொடங்கிவிடுகிறார். இரண்டு ஆண்டு கழித்து ஒரு பழுதுக்குப் பிறகு கம்ப்யூட்டர் அந்தச் சாவியைக் கேட்டால், பற்று வரவு, இருப்பு, கடன் பாக்கி எல்லாம் உள்ளேயே இருக்கும்; உரிமையாளர் வெளியே நிற்பார். பூட்டுவதற்கு முன் சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு உரிமையாளர் கையில் கொடுத்த பிறகே பூட்ட வேண்டும். அந்த அறிவிப்பு தெளிவான தமிழில் இருக்க வேண்டும்.

ஐந்தாவதுதான் மிக முக்கியமானது: ஆயுள். நம்மவர்களில் பலர் ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலையை ஒட்டிக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள். விண்டோஸ் 11 கேட்கும் இன்டெல் எட்டாம் தலைமுறைச் சில்லுகள் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வெளிவரத் தொடங்கின. ஆகவே சட்டம் வந்த அன்று சட்டத்தை மதித்துக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்குத்தான் இன்று 'உன் கம்ப்யூட்டர் தகுதியில்லை' என்ற பதில். வேண்டுமானால் பணம் கட்டிப் பாதுகாப்பை நீட்டலாம் என்கிறார்கள். நிறுவனங்களுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. கிலோவுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நிற்கும் சர்க்கரையை விற்று இதை எப்படிக் கட்டுவது?

முடியாததைக் கேட்கிறோமா? இல்லை. நீண்ட கால ஆதரவுப் பதிப்பு ஒன்றை மைக்ரோசாஃப்ட் ஏற்கெனவே வைத்திருக்கிறது. ஏ.டி.எம்., மருத்துவக் கருவி, பில் போடும் இயந்திரம் போன்றவற்றுக்கான விண்டோஸ் 10 ஐ.ஓ.டி. என்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. அதில் ஆண்டுதோறும் புதுமைகளைத் திணிப்பதில்லை. விண்டோஸ் 11இன் அதே வகைப் பதிப்பில், சாதாரணப் பதிப்புக்குக் கட்டாயமான டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லுகூடக் கட்டாயமில்லை. ஆனால் இதைப் பெரும்பாலும் கருவி தயாரிப்பவர்கள் வழியாகத்தான் விற்கிறார்கள். கடைத்தெருவில் ஒரு மளிகைக்காரர் போய்க் கேட்டு வாங்க முடியாது. பெரிய நிறுவனங்களுக்குக் கொடுக்கும் அந்த அமைதியான விண்டோஸை நியாயமான விலையில் எங்களுக்கும் கொடுங்கள் என்பதே நம் கோரிக்கை. மொத்தத்தில் வாங்குகிறவருக்கு ஒரு சரக்கு, சில்லறைக்கு வேறு சரக்கு என்று நாம் செய்தால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா?

'அப்படியானால் இலவச லினக்ஸுக்குப் போய்விடலாமே' என்று சில அன்பர்கள் சொல்வார்கள். இயன்றவர்கள் போகலாம், தடையில்லை. ஆனால் நாம் கையாளும் கணக்கு மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. அவை மாறும் வரை நாமும் மாறுவது கடினம்.

கேட்பது ஒருபுறம், நம் பங்கும் உண்டு. உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டுக்கொண்டு உரிமை பேச முடியாது. தொல்லை என்று அப்டேட்டை ஒரேயடியாக அடைத்து வைப்பதும் தவறு. வங்கிக் கணக்கையும் ஜி.எஸ்.டி. தளத்தையும் அதே கம்ப்யூட்டரில்தானே திறக்கிறோம்? நம் கையில் இருப்பதை இன்றே செய்யலாம். மாதம் பிறந்ததும் அப்டேட்டை இரண்டு வாரத்துக்கு நிறுத்தி, கணக்குக் கொடுத்து முடித்த ஞாயிறு இரவு போட்டுக்கொள்ளலாம். தினமும் கடை அடைக்கும் முன் கணக்கை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே பார்த்து, மீட்புச் சாவியை அச்சிட்டு இரும்புப் பெட்டியில் வைக்கலாம்.

தனி ஒரு கடைக்காரர் எழுதும் கடிதத்துக்கு அவ்வளவு பெரிய நிறுவனத்தில் என்ன மதிப்பு இருக்கும்? சங்கம் எழுதினால் மதிப்பு உண்டு. மாநிலம் முழுவதும் உள்ள வணிகர் சங்கங்கள் சேர்ந்து எழுதினால் இன்னும் உண்டு. இந்த ஐந்து கோரிக்கைகளையும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைத்து, மைக்ரோசாஃப்டின் இந்தியக் கிளைக்கும், நம் கணக்கு மென்பொருளைத் தயாரிப்பவர்களுக்கும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் எல்லையில் எத்தனை பில் கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாமல் நிற்கின்றன என்று எண்ணிக் கொடுத்தால், தீர்மானத்துக்குப் பலம் கூடும். நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.