ஷிப்டு தெரியாமல் கடன் நோட்டு எழுதலாமா?

திருப்பூர் மளிகைக் கடைகளின் வசூல் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பியே இருக்கிறது. ஆனால் பனியன் கம்பெனிச் சொற்களை நம்மில் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரு ஷிப்டு என்பது 8 மணி நேரம். ஒன்றரை ஷிப்டு 12 மணி. ஆர்டர் குறைந்தால் முதலில் போவது அந்த அரை ஷிப்டுதான். பீஸ்ரேட்காரருக்கோ, சாயப்பட்டறையிலிருந்து துணி வராவிட்டால் அந்த வாரம் கையில் காசே இராது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் இதைப் பார்த்தோம்.

ஆகவே கடன் கேட்பவரிடம், "ஷிப்டா, பீஸ்ரேட்டா?" என்று விசாரிப்பதில் தவறில்லை. ஒரு ஷிப்டுச் சம்பளம் தாங்கும் அளவே கணக்கு ஏறட்டும். பீஸ்ரேட்காரருக்குத் தவணையை நீட்டலாம். அரிசியை நிறுத்த வேண்டாம். அந்த வாரங்களில் மொத்த வியாபாரிகளாகிய நாமும் சில்லறைக் கடைக்காரரை நெருக்கக் கூடாது.